தங்கச்சி போட்ட பேர்

கஞ்சிக்கோட்டில் பொழுது விடிந்தபோது பின்சிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல்.

மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட்டிலிருந்து நேற்று பஸ் ஏறும்போதே, பிள்ளையின் முகம் சரியில்லை என்று ஞானஜோதி சொல்லித்தான் அனுப்பினாள். மகள் காலேஜுக்குப் போகிற மிதப்பில் இருந்த சுவக்கீன், "பஸ்ஸுல காத்துப் பட்டா சரியாப் போவும்" என்று மனைவியின் வாயை அடைத்துவிட்டார். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று வழியெல்லாம் காற்று தாராளமாகவே பட்டது. காய்ச்சல்தான் கேட்கவில்லை.

எல்லாரும் கைவிட்ட பிறகு, மூன்றாவது அலாட்மென்ட்டில் வந்த சீட் அது. பாலக்காட்டில் ஒரு காலேஜ், எகனாமிக்ஸ். ஞானஜோதி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காட்டின் நடுவிலேயே முழங்கால் போட்டு நன்றி சொன்னதைப் போன வாரம் பார்த்தோம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அப்பாவும் பின்சியும், கூடவே வேடிக்கை பார்க்கத் தங்கச்சி டின்டுவும் வந்து, பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் ஞானஜோதியின் தம்பி யாக்கோபு வீட்டில் இறங்கியிருந்தார்கள். இன்றைக்குக் காலேஜில் ஓரியன்டேஷன்.

யாக்கோபு ஆட்டோ பிடித்துப் பின்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டிரிப் ஏற்றினார்கள். மத்தியானம் வரை அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீங்க போயி டீச்சர்ட்ட விஷயத்தச் சொல்லிட்டு வாங்க மச்சான். இவளுக்கு நாங்க இருக்கோம்" என்றான் யாக்கோபு. "காய்ச்சல்னு சொன்னா கேக்க மாட்டாகளா?"

பின்சி ஊசி குத்தாத கையால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எகனாமிக்ஸ் மேஜர், அது முடிவானது. கூடப் படிக்கிற மைனர் பாடங்களை இன்றைக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் ஒரு வாரம் யோசித்து, இரண்டு முறை அடித்து எழுதி வைத்திருந்த தாள் அது.

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான்ப்பா எனக்கு முக்கியம். அதுல சீட்டு கொஞ்சம்தானாம். மறந்துராதீங்க."

"மறப்பனா? குடுத்துட்டு, சொல்லிட்டு வந்துருதேன்."

சொல்லிவிட்டு வரத்தான் அவர் கிளம்பினார். அதில் பொய் இல்லை.

டின்டுவோடு காலேஜுக்குள் நுழையும்போது மணி பத்தேகால். பெரிய ஹாலில் பெற்றோரும் பிள்ளைகளுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில், கழுத்தில் நீல நாடா போட்ட சீனியர் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிள்ளை எழுந்து போய் முன்னால் நிற்கும். அவள் முகத்தைப் பார்த்து லிஸ்டில் டிக் அடிப்பாள். பேர் கூப்பிட்டு முடிந்ததும் பிள்ளைகளைப் பாடம் தேர்ந்தெடுக்க அடுத்த கட்டிடத்துக்குக் கூட்டிப் போவார்கள். பெற்றோருக்கு இங்கேயே கூட்டம் என்று மலையாளத்தில் சொன்னார்கள்.

சுவக்கீனும் டின்டுவும் பின்வரிசையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இந்தக் கூட்டத்தில் குறுக்கே நடந்து மேடைக்குப் போய், கஞ்சி போட்ட சேலை கட்டிய டீச்சர்களிடம் விஷயத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. சட்டை கசங்கியிருந்தது. காலில் செருப்பு. எல்லாம் முடியட்டும், சாவகாசமாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

"பின்சி சுவக்கீன்."

அவருக்கு மெய் சிலிர்த்தது. மகளுடைய பேரோடு தன் பேரும் மைக்கில் வருவதை அவர் அதுவரை கேட்டதில்லை.

"பின்சி சுவக்கீன்." இரண்டாவது தடவை.

இந்த இடத்தில் சுவக்கீனின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். தினமும் காலையில் மஸ்டர் எடுக்கிறவர் அவர்தான். பேர் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்தால் பேர் போடுவார். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பேனாவால் ஒரு வெட்டு. வெட்டியது வெட்டியதுதான், அப்புறம் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாலும் அன்றைக்குப் பேரும் கிடையாது, கூலியும் கிடையாது. அப்படி வெட்டிய பேர்கள் அவருக்கே கணக்கில்லை.

மூன்றாவது தடவைக்கு அந்தப் பெண் மூச்சை இழுத்தது மைக்கில் கேட்டது.

சுவக்கீனின் கை தானாக டின்டுவின் முதுகுக்குப் போயிற்று.

"போ. பேரு சொல்லு."

"அப்பா, நான் டின்டு."

"தெரியும். போ."

அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். இருவரும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற ஃபாதரே மாற்றித்தான் கூப்பிடுவார். டின்டு எழுந்தாள். அப்பா சொன்னால் செய்கிற பிள்ளை. முன்னால் போய் நின்று, "ஹாஜர்" என்றாள்.

நீல நாடாப் பெண் அவளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு தலை நிமிர்த்திப் பின்வரிசையில் யாரையோ தேடினாள். கண் சுவக்கீனிடம் வந்து நின்றது. அப்புறம் குனிந்து டிக் அடித்தாள்.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த அப்பாடா அரை மணி நேரம் கூட நிலைக்கவில்லை.

டின்டுவும் மற்ற பிள்ளைகளோடு போன பிறகு, பெற்றோர் கூட்டத்தில் ஒரு டீச்சர் பேசினார். ஹாஸ்டல், பஸ் பாஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒன்று சொன்னார். காய்ச்சல், மழை, வழியில் மண் சரிந்தது என்று இன்றைக்கு வர முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கென்றே வியாழக்கிழமை ஒரு நாள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாடத்திலும் அவர்களுக்குச் சில சீட்டுகளும் ஒதுக்கியிருக்கிறோம். போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருடைய பேரும் போகாது, பயப்பட வேண்டாம்.

சுவக்கீனுக்கு மலையாளம் நன்றாகப் புரியும். இன்றைக்குப் புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே வந்தார்? மச்சினன் சொல்லி அனுப்பினான், மகள் தாள் கொடுத்து அனுப்பினாள். வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும் காரியத்துக்கு, பெற்ற பிள்ளையை ஆள் மாற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் நீட்டினார். சுவக்கீன் தலையைக் குனிந்துகொண்டார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தார். பின்சிதான்.

"அப்பா, டீச்சர்ட்ட சொல்லிட்டீங்களா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னாங்க."

"தாளக் குடுத்தீங்கல்ல?"

தாள் அவர் பையில்தான் இருந்தது. போனை எடுத்தபோது அதுவும் பாதி வெளியே வந்திருந்தது.

"குடுத்தாச்சு. நீ பேசாமப் படு."

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். சீக்காளிப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு, "தேங்க்ஸ்ப்பா" என்று வேறு சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு டின்டு வந்தாள். வரும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். வாகை மரத்தடிக்கு அப்பாவை இழுத்துப் போனாள்.

"போட்டோ எடுத்துட்டாங்கப்பா. ஐடி கார்டுக்கு."

"ஒன் மூஞ்சியவா?"

"பின்ன யார் மூஞ்சிய எடுப்பாங்க?"

சுவக்கீன் மரத்தில் கை ஊன்றிக்கொண்டார். "பாடம்? அக்கா கேட்ட பாடம் எழுதினியா?"

"ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னுதான் எழுதினேன். அக்கா வீட்ல அதத்தான சொல்லிட்டே இருப்பா. ஆனா அந்த டீச்சர் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசினாங்கப்பா. ஏன் இது வேணும், ப்ளஸ் டூல கணக்கு பிடிக்குமான்னு கேட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "நல்லா சிரிச்ச முகமாக் கேட்டாங்க. எனக்குப் பொய் வரல. கணக்குன்னா எனக்குப் பயம்னு சொல்லிட்டேன்."

"சொல்லி?"

"அப்ப உனக்கு இது வேணாம்மா, நீ கஷ்டப்படுவேன்னு சொல்லி அடிச்சுட்டு ஹிஸ்டரி போட்டுட்டாங்க."

இருபத்தாறு வருஷ மஸ்டரில் பேர் மாறி எழுதியதுண்டு, நாள் மாறி எழுதியதுண்டு. ஒரு பிள்ளையின் பயத்தை இன்னொரு பிள்ளையின் தலையில் எழுதிய கதை அவர் கேட்டதே இல்லை. கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அவளுக்குக் கணக்கு பயம் என்று காலேஜில் எழுதியாகிவிட்டது.

"இன்னொண்ணும் இருக்குப்பா." டின்டு தரையைப் பார்த்தாள். "பேரு கூப்பிட்ட அக்கா யாருன்னு தெரியலயா ஒங்களுக்கு? பூமாரி அத்தை மக. முருகேஸ்வரி அக்கா."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, வெயிலில் நின்றுகொண்டே குளிர்ந்தது.

ஐந்து வருஷம் இருக்கும். சீசன் நேரம், மழைத் தூறல். மஸ்டரில் பூமாரியின் பேரைக் கூப்பிட்டதும் குரல் வந்தது. குரல் இளசாக இருந்தது. தலையில் முக்காடு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தோளில் அம்மாவின் கூடை. முக்காட்டை விலக்கினால் பத்தாம் வகுப்புப் படிக்கிற முருகேஸ்வரி.

"அம்மாவுக்குக் காய்ச்சல் மாமா" என்றாள் பிள்ளை.

"காய்ச்சல்னா ஆள மாத்திருவீகளா?" என்று கேட்டவர் நம்முடைய சுவக்கீன்தான்.

சின்னப் பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது. சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. பேரை வெட்டிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் அதோடு விடவில்லை. லயத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்த பூமாரியை வரவழைத்தார். தாயையும் மகளையும் எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்தார். "ஆள மாத்தி ஏமாத்துனேன்னு சொல்லு. எல்லாரும் கேக்கணும்" என்றார். பூமாரி சொன்னாள். அவள் சொல்லும்போது இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு, காந்தலூரில் பூண்டுக் காட்டு வேலைக்கு என்று போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி இதை அவர் வீட்டில் பெருமையாகச் சொன்னார். பின்சி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போனாள். டின்டு சின்னப் பிள்ளை, கேட்டுவிட்டுச் சிரித்தாள். இப்போது அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. மகளை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

"பின்சிக்கு என்ன ஆச்சு மாமா?"

முருகேஸ்வரி நின்றிருந்தாள். கண்ணாடி, கத்தரித்த முடி, கையில் பேர் லிஸ்ட் வைத்த ஃபைல். மூன்றாம் வருஷம் படிக்கிறாளாம்.

"காய்ச்சல்" என்றார். அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல அவருக்கு நாக்கு கூசியது.

"நெனச்சேன். இல்லன்னா அவ வராம இருக்க மாட்டாளே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டின்டுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. மைக்க வச்சுக்கிட்டு என்ன பண்ண? போட்டுட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லாம ஊருக்குப் போயிருங்க. வியாழக்கிழமை பின்சியக் கூட்டிட்டு வாங்க. போட்டோ சரியா விழலன்னு சொல்லி மாத்திக்கலாம். நான் பாத்துக்கிடுதேன்."

"ஸ்டாட்டிஸ்டிக்ஸு?"

"அது கஷ்டம் மாமா. இன்னைக்கு எழுதுனவங்க லிஸ்ட் மூணு மணிக்கு ஆபீசுக்குப் போயிரும். அதுக்கப்புறம் மாத்த முடியாது."

வழி கிடைத்துவிட்டது. சீட் தப்பும். மானமும் தப்பும். ஒரு பாடம்தானே போகிறது? இப்படித்தான் அவர் புத்தி முதலில் ஓடியது, அதை மறைப்பானேன். ஆனால் வழி காட்டுகிறவள் யார் என்று பார்த்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளையின் அம்மாவை அவர் என்ன பாடு படுத்தினார். அவள் 'மாமா' என்று கூப்பிட்டு, அவர் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறேன் என்கிறாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார்.

"அந்த டீச்சர் எங்க இருப்பாக?" என்று கேட்டார்.

"எதுக்கு மாமா?"

"சொல்லு தாயி."

பாடம் எழுதிய டீச்சர் பேர் கிருஷ்ணப்ரியா. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். தமிழ் பேசுகிற பெற்றோர் வந்தால் மலையாளத்தை விட்டுவிட்டு வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார். அறையில் இன்னும் இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். வாசலில் நாலைந்து பெற்றோர் வரிசையில் நின்றார்கள்.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார் டின்டுவைப் பார்த்துச் சிரித்து. "உங்க பொண்ணு சமத்து. மனசுல இருக்கறத அப்படியே சொல்றா. கணக்குன்னா மட்டும்தான் பயம். அதுக்கென்ன, ஹிஸ்டரி நன்னா படிப்பா."

சுவக்கீன் உட்காரவில்லை.

"இவளுக்குப் பயம்தான் டீச்சர். பின்சிக்குப் பயம் கெடையாது."

"இவதானே பின்சி?"

"இல்ல டீச்சர். இது எளயவ. மூத்தவ ஆஸ்பத்திரில கெடக்கா. பேரு கூப்பிடவும், வெட்டிருவாகளோன்னு பயந்து நான்தான் இவளத் தள்ளிவிட்டேன். பிள்ள மேல தப்பில்ல."

பின்சியின் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. கிருஷ்ணப்ரியா டீச்சர் அதைப் படித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே. இப்ப இதுக்கு ஆள் மாறாட்டம்னு பேர். சீட்டே போகலாம், தெரியுமோ?"

"இப்பத் தெரியுது டீச்சர்."

"ஆளைப் பாத்துட்டுத்தான் டிக் போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். யார் போட்டா இதை?"

"கூப்பிட்ட பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். அதுவும் ஏமாந்துருச்சு."

காலையிலிருந்து அவர் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் அடுத்தவருக்காகச் சொன்னது. அதுவும் நிற்கவில்லை. வாசலில் இருந்து குரல் வந்தது.

"தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் போட்டேன்."

முருகேஸ்வரி உள்ளே வந்து அவருக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

டீச்சர் ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தார். "இவாளை உனக்கு எப்படித் தெரியும்?"

எங்க எஸ்டேட் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். முருகேஸ்வரி அதைக்கூடச் சொல்லாமல் சுவக்கீனைப் பார்த்தாள்.

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். வரிசையில் நின்ற பெற்றோரும் எட்டிப் பார்த்தார்கள். டின்டு அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி, இந்தப் பிள்ள அவங்க அம்மாவுக்குப் பதிலா மஸ்டருக்கு வந்துச்சு டீச்சர்" என்றார் சுவக்கீன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிச்சு. நான் பேர வெட்டினேன். ரெண்டு பேரையும் எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சு அசிங்கப்படுத்தினேன். இன்னைக்கு எம் பிள்ளைக்கு இது பேரு போட்டுருக்கு."

வெளியே யாரோ இருமினார்கள். வெட்கம் கழுத்திலிருந்து காது வரை ஏறியது. பூமாரி அன்றைக்கு ஏன் கம்பளியை முகம் வரை இழுத்துக்கொண்டாள் என்பது அவருக்கு இப்போது தெரிந்தது.

டீச்சர் ஹிஸ்டரி என்று எழுதியிருந்த ஃபாரத்தையும் பின்சியின் தாளையும் சேர்த்துப் பின் போட்டார்.

"என் கையில இல்லை இது. ரெண்டு மணிக்கு பிரின்சிபால் வருவார். லிஸ்ட் போறதுக்கு முன்னால அவர்தான் முடிவு சொல்லணும். இதே வார்த்தையை அங்கயும் சொல்லுங்கோ." பிறகு கொஞ்சம் தயங்கி, "முருகேஸ்வரி, நீயும் வந்து நிக்க வேண்டியிருக்கும்" என்றார்.

"நிக்கிறேன் டீச்சர்" என்றாள் அவள். "எனக்கு நின்னு பழக்கம்தான்."

அதில் குத்தல் இருந்திருந்தால் சுவக்கீன் தாங்கியிருப்பார். மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்கிற குரலில்தான் அவள் சொன்னாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. வெளியே எடுத்தார். பின்சி. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க மாமா" என்றாள் முருகேஸ்வரி. "அவளுக்கும் சொல்லணும்ல."